வேப்பேரியில் இத்தனை பள்ளிகள் இருந்தும் 25 விழுக்காட்டுப் பட்டியல் ஏன் சுருங்கிப்போகிறது?

ரண்டல்ஸ் ரோடு

வேப்பேரிக்குக் குடிவருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி. ஒரே இழையில் பதில் சேர்ந்தால் எல்லோருக்கும் உதவும்.

ஈ.வெ.ரா. பெரியார் சாலைக்கு வடக்கே, பெரியமேடு, சூளை, புரசைவாக்கம் மூன்றையும் தொட்டுக்கொண்டு நிற்கிற சின்னப் பகுதி. அதற்குள் இருக்கிற பள்ளி வாசல்களை எண்ணினால் இரு கை விரலும் போதாது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்துக்கு இணையதளத்தில் வீட்டைக் குறித்துத் தேடினால், ஊரறிந்த பள்ளிகள் பலவும் பட்டியலில் வருவதே இல்லை. என்ன காரணம்? எல்.கே.ஜி.க்கு ஒரு பெண் குழந்தை, 6ஆம் வகுப்புக்கு ஒரு பையன் என்று வைத்துக்கொண்டு இங்கே வாடகை வீடு தேடுகிற குடும்பம், முன்பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பழைய பதிவேடு

இந்தக் கேள்விக்கு விடை சட்டத்தில் பாதி, இந்தத் தெருக்களில் யார் யார் எப்போது குடியிருந்தார்கள் என்பதில் பாதி. இரண்டாவதை நான் சொல்கிறேன். சட்டத்தைத் தெரிந்தவர்கள் தொடருங்கள்.

வேப்பேரியில் முதலில் வேர் விட்டது மிஷன். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து எடுத்துவந்த அச்சு இயந்திரம், வேப்பேரி மிஷனில் இருந்த மிஷனரி ஃபாப்ரிசியஸ் கைக்கு வந்தது. அரசாங்க வேலை வந்தால் அதை முதலில் அச்சடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் இந்த அச்சகத்தில்தான் வெளியானது. மிஷன் இருந்த இடத்தில் கோயிலும் பள்ளியும் சேர்ந்தே வளர்ந்தன. இன்றைக்கு வேப்பேரியில் கிறித்தவ நிர்வாகப் பள்ளிகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு அடித்தளம் அது.

அடுத்து ஆங்கிலோ இந்தியர்கள். ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய துறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு பெரம்பூரும் சென்ட்ரலும் எழும்பூரும் எட்டிய தூரத்தில் இருக்கிற வேப்பேரி வசதியாக இருந்தது. நிஜாம் படையில் பணியாற்றிய கேப்டன் ஜான் டவ்டன் என்ற ஆங்கிலோ இந்தியர் விட்டுச்சென்ற பணத்தில் 1855இல் தொடங்கியது டவ்டன் கல்லூரி. சென்னையின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் கோரி பெயரில் இருந்த பள்ளியோடு அது பிற்பாடு சேர்ந்தது. டவ்டன் கோரி என்ற இன்றைய பெயரில் இருக்கிற இரண்டு சொற்களும் அந்த இரண்டு பேருடையவை.

சுதந்திரத்துக்குப் பின் நடந்ததுதான் இந்த இழைக்கு முக்கியம். அரசியல் சட்டத்தின் 336ஆம் பிரிவு இந்தச் சமூகத்துக்கு ரயில்வே, சுங்கம், அஞ்சல்-தந்தி வேலைகளில் இருந்த முன்னுரிமையை இரண்டாண்டுக்கு ஒருமுறை குறைத்துப் பத்தாண்டில் முடித்தது. 337ஆம் பிரிவு பள்ளிகளுக்கான சிறப்பு மானியத்தையும் அதேபோல் படிப்படியாகக் குறைத்து முடித்தது. மானியம் வேண்டுமென்றால் ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காடு இடங்கள் மற்ற சமூகத்தாருக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொன்னது. ஒரு பக்கம் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் கிளம்பின. மறுபக்கம் பள்ளிக் கதவு மற்றவர்களுக்குத் திறந்தது. மாணவர்கள் மாறினார்கள். நிர்வாகம் மாறவில்லை. அதுதான் உங்கள் பட்டியலில் இப்போது தெரிகிற சிக்கல்.

பிறகு வந்தவர்கள் சௌகார்பேட்டையில் இடம் போதாமல் வேப்பேரி, புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் பக்கம் நகர்ந்த மார்வாரி, குஜராத்தி, ஜெயின் குடும்பங்கள். பழைய தோட்ட வீடுகள் அடுக்குமாடிகளானது பெரும்பாலும் இவர்கள் காலத்தில். இவர்களும் பள்ளிகள் தொடங்கினார்கள். பெரியமேட்டுப் பக்கம் தோல் வணிகத்தோடு வந்த முஸ்லிம் குடும்பங்கள், சூளை, புளியந்தோப்புப் பக்கம் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள். பின்னி ஆலை என்று எல்லோரும் சொல்கிற பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடியபோது அந்தக் குடும்பங்களின் வருமானமே மாறிப்போனது. அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வேப்பேரியின் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி வகுப்புகளை நிரப்புகிறார்கள்.

சட்டப்புள்ளி

பழைய பதிவேடு ஐயா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிவு 12(1)(இ): தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை உறுதி செய்தபோதே உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்தது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவிபெறுகிறவை, பெறாதவை என்ற வேறுபாடு இல்லாமல் சிறுபான்மைப் பள்ளிகள் எதற்குமே இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் மத்திய அரசு ஜெயின் சமூகத்தையும் தேசியச் சிறுபான்மையாக அறிவித்திருந்தது.

இரண்டையும் வேப்பேரி வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கிறித்தவ நிர்வாகம், ஆங்கிலோ இந்திய நிர்வாகம், ஜெயின் நிர்வாகம் எல்லாம் சிறுபான்மைத் தகுதி பெற்றிருந்தால் பட்டியலுக்கு வெளியே. மிச்சம் இருப்பவைதான் உங்களுக்குத் தெரிகின்றன. வேறு பகுதியில் வீட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் (25 விழுக்காட்டு இடத்துக்குப் பார்க்கிற தூரம்) இருக்கிற பள்ளிகளில் பெரும்பாலானவை பட்டியலில் வரும். இங்கே அந்தக் கணக்கு பொருந்தாது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, பிரமதி தீர்ப்பு சரிதானா என்று ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அதை வைத்து "இனி எல்லாப் பள்ளியிலும் இடம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. பெரிய அமர்வு மாற்றிச் சொல்லும்வரை 2014 தீர்ப்புதான் நடைமுறை.

ஒரு எச்சரிக்கை. பள்ளிப் பெயரில் "செயின்ட்" இருப்பதாலோ, தாளாளர் ஜெயின் என்பதாலோ அது சிறுபான்மைப் பள்ளி ஆகிவிடாது. நிர்வாக அறக்கட்டளைக்குச் சிறுபான்மைத் தகுதி ஆணை இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்த ஆணையின் எண்ணைக் கேட்கலாம். வாய்மொழியாகப் பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போதும்.

ரண்டல்ஸ் ரோடு

தெளிவாகிவிட்டது, நன்றி. அப்படியானால் மிச்சம் இருக்கிற பள்ளிகளுக்கு 1 கி.மீ. எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அஞ்சல் குறியீடு ஒன்றாக இருந்தால் போதுமா?

மேசை எண் 4

போதாது. வேப்பேரி 600007, புரசைவாக்கம் 600084, சூளை 600112, பெரியமேடு 600003. சில தெருக்களில் இந்தப் பக்கத்து வீட்டுக்கு ஒன்று, எதிர் வீட்டுக்கு ஒன்று என்று எழுதுவார்கள். ஆதாரில் ஒரு எண், வாடகை ஒப்பந்தத்தில் வேறு எண், எரிவாயுச் சீட்டில் மூன்றாவது எண் என்றிருந்தால் சரிபார்ப்பில் கேள்வி வரும். விண்ணப்பிப்பதற்கு முன் மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். தூரம் பார்ப்பது அஞ்சல் குறியீட்டில் இல்லை, வரைபடத்தில் நீங்கள் வைக்கிற புள்ளியில். தெருமுனையில் வைக்காமல் கட்டடத்தின் மேலேயே வையுங்கள். விளிம்பில் இருக்கிற வீட்டுக்கு ஐம்பது மீட்டர்கூட முடிவை மாற்றும்.

மற்றதும் சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி. என்றால் சேர்கிற ஆண்டு ஜூலை 31 அன்று குழந்தைக்கு 3 வயது நிரம்பியிருக்க வேண்டும், 4ஐத் தாண்டக் கூடாது. 1ஆம் வகுப்பு நுழைவு வகுப்பாக இருக்கிற பள்ளியில் 5 நிரம்பியிருக்க வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று பிறந்த குழந்தை அடுத்த ஆண்டுக்குத்தான் போகும், இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் சாதிச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். எஸ்.சி.யிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் பி.சி. சான்றுதான் கிடைக்கும். வேப்பேரியில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பலவும் தாங்கள் தகுதியில்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விடுகின்றன. பி.சி. சான்று போதும், விண்ணப்பியுங்கள். எந்தப் பிரிவிலும் வராதவர்களுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் நலிந்த பிரிவு. பொதுப் பிரிவுக் குடும்பங்களும் இதில் வரலாம்.

வருமானச் சான்று இ-சேவை மையத்தில், சேவைக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் வட்டாட்சியர் அலுவலகம் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். இங்கே அதிகம் நடக்கிற தவறு வட்டத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது. தெரு எந்த வட்டத்தில் வருகிறது என்று சொத்துப் பத்திரத்திலோ வீட்டு உரிமையாளரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். தப்பான வட்டத்துக்குப் போன மனு சில நாள் கழித்து நிராகரிப்பாகத் திரும்பும், மறுபடி முதலிலிருந்து.

இடத்தைவிட மனு அதிகம் வந்தால் பள்ளியில் குலுக்கல். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், தூய்மைப் பணியாளரின் குழந்தைகள் போன்றோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு, அதற்கான சான்றைப் பதிவேற்றியிருந்தால் மட்டும்.

பள்ளிக்கூட வாசல்

25 விழுக்காட்டைப் பற்றி மட்டும் பேசி இழையை முடித்துவிடக் கூடாது. அந்தச் சலுகை 8ஆம் வகுப்போடு நின்றுவிடும். 9ஆம் வகுப்பில் முழுக் கட்டணம். குடும்பம் அதைத் தாங்குமா என்பதை எல்.கே.ஜி.யிலேயே கணக்குப் போட வேண்டும்.

வேப்பேரியின் உண்மையான பலம் அரசு உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, தமிழ்வழியில் கற்பிப்புக் கட்டணம் இல்லை, பரந்த மைதானம், பழைய நூலகம். பெண்டிங்க் போன்ற பெண்கள் பள்ளி, சின்னப் பகுதிக்குள் நடக்கிற தூரத்தில் கிடைப்பது சென்னையில் எல்லா இடத்திலும் வாய்க்காது.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரே வாசலுக்குள் இரண்டு பள்ளி இருக்கும். ஒன்று உதவிபெறும் பள்ளி, மற்றொன்று சுயநிதிப் பிரிவு அல்லது மெட்ரிக். சீருடைகூட ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், பெயர்ப் பலகை ஒன்று. சேர்க்கை விண்ணப்பத்தில் "ஆங்கிலவழி" என்று குறித்தால் பல இடங்களில் குழந்தை சுயநிதிப் பிரிவுக்குப் போய்விடும். பெற்றோர் அதைத் தெரிந்துகொள்வது, ஏதாவது உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது.

கண்டுபிடிக்க எளிய வழி யூடைஸ் எண், அதாவது நாடு முழுக்க ஒவ்வொரு பள்ளிக்கும் இருக்கிற தனி அடையாள எண். 11 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு வட்டாரம், பிறகு மூன்று வார்டு, கடைசி இரண்டு பள்ளி. சென்னைப் பள்ளி என்றால் 3302 என்று தொடங்கும். ஒரே வளாகத்தில் இரண்டு எண் இருந்தால் இரண்டு பள்ளி. உங்கள் குழந்தை எந்த எண்ணின் கீழ் பதிவாகிறது என்று அலுவலகத்தில் கேட்டு, அந்த எண்ணை யூடைஸ் தளத்தில் தேடினால் நிர்வாக வகை, பயிற்றுமொழி, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் வரும்.

இது ஏன் முக்கியம்? 1 முதல் 5 வரைக்குமான காலை உணவு 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சுயநிதிப் பிரிவுக்கு இல்லை. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளிக்கும், உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிக்கும். 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும் என்பதால் முடிவு 6ஆம் வகுப்பிலேயே எடுக்கப்படுகிறது. கேள்வி கேட்டவர் சொன்ன பையனின் வயது அதுதான்.

கணக்குப் பார்ப்பவர்

பள்ளிக்கூட வாசல் சொன்னதோடு ஒரு சேர்க்கை. மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு (2020 சட்டம்), பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இல் வந்த அதே அளவு ஒதுக்கீடு, இரண்டும் உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. மாநகராட்சிப் பள்ளிக்கு உண்டு. "ரெண்டும் கவர்மெண்ட் மாதிரிதானே" என்று 6ஆம் வகுப்பில் உதவிபெறும் பள்ளியில் சேர்த்துவிட்டு 12இல் வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியிலேயே இருக்கிறது. அதன் சுவரை ஒட்டிய தெருவில் படிக்கிற பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது பள்ளியின் வகை மட்டுமே.

25 விழுக்காட்டு இடத்தில் 8 வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் 7.5 பொருந்தும். ஆக 9இல் கட்டணம் தாங்காதவர்கள் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுவது தோல்வி இல்லை, கணக்கில் சரியான நகர்வு.

அடுத்தது, பலரும் சொல்கிற "வேப்பேரி காலியாகிறது, பள்ளிகளும் காலியாகும்" என்பது பற்றி. இதைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, பார்க்க வழி இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் வார்டு வாரியாக 0–6 வயதுக் குழந்தைகள் எண்ணிக்கை உண்டு. அதில் 0, 1, 2 என்று 6 வரை ஏழு வயதுகள். பலர் ஆறால் வகுத்துத் தப்புச் செய்கிறார்கள், ஏழால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு வார்டில் 2,800 குழந்தைகள் என்று வைத்தால் ஒரு வயதுக்கு 400. அந்த வார்டுப் பள்ளிகளின் 1ஆம் வகுப்புச் சேர்க்கையை யூடைஸில் கூட்டினால் 900 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச 500 பேர் வெளியிலிருந்து வருகிறார்கள் என்று பொருள்.

ஒரு பொறி இருக்கிறது. 2011 கணக்கெடுப்பு பழைய 155 வார்டுக் கணக்கு. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 200 வார்டாக விரிந்தது, பிறகு மறுவரையறையும் நடந்தது. இன்றைய வார்டு எண்ணைப் பழைய அட்டவணையில் தேடினால் வேறு ஏதோ பகுதி வரும். பழைய வரைபடத்தை எடுத்துத் தெரு தெருவாகப் பொருத்த வேண்டும். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதுவரை பதினைந்து ஆண்டுப் பழைய எண்ணோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

பழைய பதிவேடு

கணக்கு சரி. ஆனால் பள்ளிகள் நிரம்பியிருப்பதால் கவலை இல்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மொத்தம் நிரம்பும், தமிழ்வழி வகுப்பு மட்டும் உள்ளே கரையும். வெளியிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலவழிக்குத்தான் வருகிறார்கள்.

பள்ளிக்கூட வாசல்

ஆமாம், அது நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து. 61ஆக இருந்த பள்ளியில் இரண்டு குழந்தை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள். பெற்றோர் குறை சொல்வதற்கும் ஆசிரியர் குறைவதற்கும் இடையில் இப்படி ஒரு சக்கரம் சுற்றுகிறது.

எனவே தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் சேர்க்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் போன ஆகஸ்ட் எண்ணிக்கையைக் கேளுங்கள். 61, 91, 121 ஆகியவற்றுக்குச் சற்று மேலே நிற்கிற பள்ளி என்றால், உங்கள் தெருவிலிருந்து இரண்டு மூன்று குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஜூலைக்குள் போய்ச் சேருங்கள். செப்டம்பரில் சேரும் குழந்தை அந்த ஆண்டின் பணியிடக் கணக்கில் வராது. ஒரு பள்ளிக்குப் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது, இதற்குக் காசு செலவில்லை.

கீழ்ப்பாக்கம் பக்கம்

வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு ஒரு கேள்வி. வீட்டில் இந்தி. மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் தமிழைத் தவிர்க்க முடியுமா?

சட்டப்புள்ளி

பொதுவாக முடியாது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி மற்ற பாடங்கள், நான்காம் பகுதியில் விரும்பினால் தாய்மொழி. 2006–07இல் 1ஆம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறியது. சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் 2015–16இல் 1ஆம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயமானது. 1ஆம் வகுப்பிலேயே சேர்ந்தால் குழந்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். 7ஆம் 8ஆம் வகுப்பில் வந்து சேர்கிறவர்களுக்குத்தான் சிரமம், அவர்கள் சேரும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று. "ஆங்கிலோ இந்தியப் பாடத்திட்டம்" என்று இன்னும் சிலர் கேட்டு வருகிறார்கள். மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியம், ஓரியண்டல் என்று தனித்தனியாக இருந்த நான்கும் 2010ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டத்தில் ஒன்றாயின. உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட்டில் அதை உறுதி செய்தது. பெயர்ப் பலகையில் அந்தச் சொல் இருந்தாலும் பாடநூல் ஒன்றுதான். அதற்காகக் கூடுதல் கட்டணம் என்றால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்குக் கொடுத்த ஆணையைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை வகுப்புவாரியாகத் தொகை குறித்திருப்பார்கள்.

ரண்டல்ஸ் ரோடு

6ஆம் வகுப்புப் பையனுக்கு மாற்றுச் சான்றிதழ் தரப் பழைய பள்ளி இழுத்தடித்தால்?

மேசை எண் 4

கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5: டி.சி. வரத் தாமதம் என்பதற்காக 8ஆம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. இந்தச் சட்டம் பொருந்துகிற பள்ளியில் இதை எடுத்துச் சொல்லலாம், மாநகராட்சிப் பள்ளிகளில் சிக்கலே இருக்காது. கட்டண பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது, பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

நடைமுறையில் தடுக்கிறது காகிதம் இல்லை, எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு. ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் உண்டு. பழைய பள்ளி அந்தப் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டி.சி. கையில் வாங்கும்போதே, கிளம்புவதற்கு முன், "எமிஸில் பொதுத் தொகுப்புக்கு விட்டாச்சா" என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். விடாமல் இருந்தால் பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான், பதிவேட்டில் இருக்க மாட்டான். பாடநூல், பேருந்து அட்டை எல்லாம் அதனால் நிற்கும். ஆகஸ்ட் 1க்குள் பதிவு மாறாவிட்டால் வாசல் சொன்ன ஆசிரியர் கணக்கிலும் அவன் வர மாட்டான்.

கணக்குப் பார்ப்பவர்

வீடு பார்ப்பவர்கள் கவனிக்க இன்னொன்று: புரசைவாக்கம் நெடுஞ்சாலைப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. வரைபடத்தில் 700 மீட்டர் என்பது தடுப்புகளைச் சுற்றி நடக்கும்போது கூடிவிடும். காலை எட்டரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் நடையில் நடந்து பாருங்கள். பள்ளி விடுகிற நேரத்தில் வேப்பேரி நெடுஞ்சாலையிலும் ரிதர்டன் சாலையிலும் வேன்கள் நிற்கிற வரிசையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்துவிட்டு முடிவெடுத்தால் இது எதுவும் தெரியாது.

மேசை எண் 4

கடைசியாக, தேதி. 25 விழுக்காட்டு விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் 20 வாக்கில் திறந்து மே 20 வாக்கில் மூடும். 2025–26க்கு மத்திய நிதி வராததால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. எனவே தேதியை நம்பிக் காத்திருக்காமல் சான்றுகளை முன்பே எடுத்துவையுங்கள்.

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் இடம் காலியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மருத்துவமனையில் பதிவு செய்தவுடன் வாங்கிய சான்றில் பெரும்பாலும் பெயர் இருக்காது. பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு. பெயர் சேர்க்கும்போது முன்னெழுத்தை எந்த வடிவில் எழுதுகிறீர்களோ அதே வடிவில் ஆதாரிலும் எழுதுங்கள். இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் எமிஸில் ஒன்று ஏறும், 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை அதுவே தொடரும்.

ரண்டல்ஸ் ரோடு

பெயர் இடம் காலிதான். நாளைக்கே மண்டலச் சுகாதார அலுவலகத்துக்குப் போகச் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு 7.5ஐ மனதில் வைத்து மாநகராட்சிப் பள்ளியையும், உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியையும் யூடைஸ் எண்ணோடு எடுத்து, இரண்டுக்கும் ஆகஸ்ட் எண்ணிக்கையைக் கேட்டு இங்கேயே போடுகிறேன்.